ஆறு மணிச் சங்கும் ஒரு செவலைக் குதிரையும்

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். நெய்வேலியில் நான் தங்கியிருந்த இரண்டு வாரமும் காது சூடாகவே இருந்தது. அதில் பாதி கத்திரி வெயிலின் வேலை. மீதியை மனிதர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஈப்போவில் ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். சேணம் காணாத இளங்குதிரை, கடிக்கிற குதிரை, ஆளைத் தள்ளிவிடும் குதிரை, எது வந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும். முதுகில் ஆள் உட்காரப் பழகியதும் வேறொருவர் கைக்குப் போய்விடும். ஏட்டில் அவர் பெயர்தான் பழக்குநர் என்று ஏறும். என் பெயருக்கு நேராக ‘உதவி’ என்றிருக்கும். என் வேலை காலை பத்து மணிக்கு முடிய வேண்டும். தலைமைப் பழக்குநரான வெள்ளைக்காரர் ஒரு விரலை நீட்டி, “சரசு, இன்னும் ஒரே ஒரு குதிரை” என்பார். பதினொன்றாகும், பன்னிரண்டாகும். பதினைந்து வருடமாக மறுபேச்சு பேசாமல் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

கமலா அக்கா நெய்வேலியில் இருந்தாள். திருநெல்வேலி மாப்பிள்ளை, சுரங்கத்தில் போர்மேன். “இங்கே ஒரு குதிரை எல்லாரையும் தள்ளிவிடுகிறது. உன் அத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், என் மச்சினி வந்தால் ஒரே வாரத்தில் சரி செய்துவிடுவாள் என்று ஆபீசர்களிடம் சொல்லிவிட்டார். மானத்தைக் காப்பாற்ற உடனே வா” என்று எழுதியிருந்தாள். அக்காவைப் பார்த்து ஆறு வருடமாகியிருந்தது. குதிரை ஒரு சாக்கு. கிளம்பிவிட்டேன்.

ஊர் முழுக்கப் பிளாக்குகள். பிளாக்குக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண், எல்லா வீட்டுக்கும் ஒரே முகம். நான் வீட்டு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு, பிளாக் எண் எழுதிய கடிதத்தைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். பேருந்து இறக்கிவிட்ட இடத்தில் அந்த எண்ணுள்ள வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், “அக்கா, பசிக்குது” என்றேன். அடுப்படியிலிருந்து முன்பின் பார்த்திராத ஓர் அம்மாள் வந்தார்.

“வாங்க கண்ணு, உக்காருங்க. பசியோட நின்னுட்டுப் பேசக் கூடாதுங்க. யாரு எவருன்னு அப்பறம் பாத்துக்கலாம்” என்றார். கோயம்புத்தூர்ப் பேச்சு. அரிசி உப்புமாவும் தக்காளித் தொக்கும் வந்தன. இரண்டாவது தட்டு முடிந்த பிறகுதான் நான் வேறு பிளாக்கில் இருப்பது தெரிந்தது. “சங்கடப்படாதீங்க. எங்க ஊட்டுக்காரரே ஒருநாள் ஷிப்ட் முடிஞ்சு அடுத்த பிளாக்குல போயி கதவத் தட்டியிருக்காருங்க” என்று ஆறுதல் சொல்லி, ரிக்‌ஷா பிடித்து ஏற்றிவிட்டார். ஈப்போவில் ஒரே தெருவில் பத்து வருடம் இருந்துவிட்டேன், எதிர்வீட்டில் ஒரு நாள் பசியாறியதில்லை.

அன்று மாலை அத்தான் விஷயத்தைச் சொன்னார். சில அதிகாரிகள் சேர்ந்து ஒரு சவாரிக் குழு நடத்துகிறார்கள். மூன்று குதிரைகள் இருந்தன. இரண்டு போய்விட்டன. மிச்சமிருப்பது ஒரு பெண்குதிரை. குட்டித்தனம் மாறாத வயதில் வந்தது, இப்போது ஐந்து வயது. அதிகாரிகள் வெயிலுக்குப் பயந்து காலை ஐந்தரைக்கு ஏறி ஏழு மணி வரை ஓட்டப் பார்ப்பார்கள்.

“அஞ்சரையிலேருந்து ஆறு வரைக்கும் பசு மாதிரி இருக்கும் சரசு. மைன்ஸ்ல ஆறு மணிச் சங்கு ஊதுனா பேய் பிடிச்ச மாதிரி திரும்பி லாயத்தப் பாத்து ஓடும். ராத்திரி ஷிப்ட் விட்டு வாரவன், காலை ஷிப்டுக்குப் போறவன், அத்தனை சைக்கிளும் ரோட்டுல கெடக்கும். போன மாசம் குழு செக்ரட்டரி ஊர் வாசல் ஆர்ச் கேட்டுக்கிட்ட எல்லார் முன்னாலயும் விழுந்தாரு. தோள்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமா அவரு ஜீப்புல கூடப் போகல.”

“அனுப்பிவிடப் போகிறார்களா?”

“பாம்புக்கடி மருந்துக்குக் குதிரை ரத்தம் எடுக்கிற எடம் இருக்குல்லா, அங்க. மாசக் கடைசி வரைக்கும்தான் கெடு.”

மாசக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு லாயத்துக்குப் போனேன். கால்சட்டை, பூட்ஸ், தலையில் துணி. வழியில் பால் வாங்க நின்றவர்கள் வரிசையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன். ஊர் அகலமான சாலைகளும் மரங்களுமாக அழகாக இருந்தது, ஒன்றும் குறை சொல்ல முடியாது. கொடியில் காயும் வேட்டிகளின் மேல் மட்டும் மெல்லிசாகச் சாம்பல் படிந்திருந்தது.

செக்ரட்டரி கோதண்டராமன் தோளில் கட்டுடன் காத்திருந்தார். உயரமான, நறுக்குத் தெறித்தாற்போலப் பேசுகிற மனிதர். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஒரு லேடி விழுந்தா நாளைக்கு யார் பதில் சொல்றது? இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

எனக்கு நேரும் எந்தக் காயத்துக்கும் நானே பொறுப்பு என்று அதில் இருந்தது. அவருடைய பேனாவையே வாங்கி, “குதிரைக்கு நேரும் நன்மைக்கும் நானே பொறுப்பு” என்று கீழே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டேன். அவர் படித்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

குதிரையைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. நல்ல செவலை நிறம், நெற்றியில் விரல் நீளத்துக்கு வெள்ளை, ஆளை அளந்து பார்க்கிற கண். குழுவின் பதிவேட்டில் அவளுக்கு வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர். அவளைப் பார்த்துக்கொள்ளும் கலியபெருமாள் செவலை என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பெயருக்குத்தான் அவள் திரும்பினாள்.

கலியபெருமாளுக்கு நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் வடக்குத்து கிராமத்துக்காரர். இரவு பத்து மணிக்கு வந்து குழுவின் கட்டடத்துக்கும் லாயத்துக்கும் காவல் இருந்து, விடியற்காலையில் குதிரையைத் தேய்த்துச் சேணம் போட்டு, காலை ஆறுக்கு வீட்டுக்குப் போகிற கான்ட்ராக்ட் வேலை. சேணத்தை அவர் வைத்த விதத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. முடி மடங்காமல், வயிற்றுவாரை ஒரே இழுப்பில் இறுக்காமல், மூன்று தடவையாக, குதிரை மூச்சு விட இடைவெளி கொடுத்து இறுக்கினார். ஈப்போவில் இதை நான் இரண்டு பேரிடம்தான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தி நான்.

ஏறினேன். பட்டுப்போல நடந்தாள். முழங்காலைச் சற்றே ஒட்டினால் ஓட்டம், மூச்சை விட்டு உட்கார்ந்தால் நடை. இதையா ரத்தம் எடுக்க அனுப்பப் போகிறார்கள்! ஆர்ச் கேட் வரை போனோம். சங்கு ஊதியது.

அவள் நடுங்கவில்லை, திமிறவில்லை. நின்ற இடத்தில் அப்படியே திரும்பினாள், புறப்பட்டாள். நான் இழுத்ததை அவள் பொருட்படுத்தவே இல்லை. நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் எதிரே மணியடித்துக்கொண்டு இரண்டாகப் பிரிந்தன. ஒருவருடைய சாப்பாட்டுத் தூக்கு உருண்டது. “யம்மா, வுழுந்துடப் போற, புடிச்சிக்க!” என்று யாரோ கத்தினார்கள். பிடரியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். லாயத்து வாசலில் தானாக நின்றாள். ஆள் இறங்கிச் சேணம் கழற்ற வாகாக இடப்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு அமைதியாக மூச்சு விட்டாள்.

கலியபெருமாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சிரைத்தது. “கொஞ்சம் பிடியுங்களேன், சேணத்தைக் கழற்ற வேண்டும்” என்றேன்.

“ஆறு அடிச்சிடுச்சுங்கம்மா” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் காது மட்டுமல்ல, கழுத்தே சூடாகிவிட்டது. இப்படி ஓர் ஆளை ஈப்போவில் அரைநாள் வைத்திருக்க மாட்டார்கள் என்று அக்காவிடம் பொருமினேன்.

அன்று முழுக்க வைத்தியம் சொல்ல ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டு மதுரைக்காரர் குதிரையின் காதில் பஞ்சு வைக்கச் சொன்னார். அதை ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. கடை வைத்திருக்கும் ஒரு பாய், மந்தாரக்குப்பத்தில் தாயத்து கட்டுபவரிடம் கேட்டு வருவதாகச் சொன்னார். செக்ரட்டரி ஆள் மூலம் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தார். பிரித்தேன். உள்பக்கம் முள் வைத்த கடிவாளம். வாயைக் கிழித்தால் நின்றுதானே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் அதை அத்தானின் இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் முடிந்துகொண்டேன்.

“அவரு கேட்டா என்னத்த சொல்லட்டும்?” என்றார் அத்தான்.

“மச்சினி தின்றுவிட்டாள் என்று சொல்லுங்கள்.”

மத்தியானம் ஒன்றரைக்கு, பண்ணுருட்டிப் பலாச்சுளையை ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு லாயத்துக்குப் போனேன். செவலை புல் மென்றுகொண்டிருந்தாள். இரண்டு மணிச் சங்கு ஊதியது. அதே சங்கு, அதே நீளம். அவள் காதைக்கூடத் திருப்பவில்லை. அடுத்த வாய்ப் புல்லை இழுத்தாள்.

பலாச்சுளை என் கையிலேயே இருந்தது. சங்குக்குப் பயந்த குதிரை என்று ஊரே சொல்கிறது. இரண்டு மணிச் சங்குக்குப் பயமில்லாத குதிரைக்கு ஆறு மணிச் சங்குக்கு மட்டும் ஏன் பயம்? பயந்த குதிரை ஓடி வந்து வாசலில் நின்று, சேணம் கழற்ற இடப்பக்கத்தைக் காட்டுமா?

அடுத்த நாள் அக்காவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்குத்துக்குப் போனேன். பாதி வழியில் சங்கிலி கழன்றது. மாட்டியபோது கை முழுக்க மசி. நான் வழி கேட்ட இரண்டு பேரும் முதலில் என் கையைப் பார்த்தார்கள், பிறகு கால்சட்டையைப் பார்த்தார்கள், பிறகுதான் வழி சொன்னார்கள்.

கலியபெருமாள் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார். அவர் மனைவி அஞ்சலை என் கையைப் பார்த்துவிட்டுச் சாம்பலும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். பிறகு கேழ்வரகுக் கூழும் பச்சை முந்திரிக்கொட்டைக் குழம்பும் வந்தன. அந்தக் குழம்புக்காக ஒரு தடவை கடல் தாண்டலாம்.

“குதிரையை நீங்கள் எப்படிப் பழக்கினீர்கள்?” என்று கேட்டேன்.

“பழக்கறது என்னாங்க, கூட இருந்ததுதான். குட்டியா வந்துச்சு. மொதல்ல வெறும் சாக்கு போட்டுகினு நடந்தேன். அப்பறம் சேணம். அஞ்சு மணிக்குப் போட்டா ஆறு வரைக்கும் ஓட்டிகினு இருப்பேன். ஆறுக்கு டாண்ணு லாயத்துல நிப்போம். சங்கு ஊதுனதும் வாரை அவுத்து, சேணத்த எறக்கி, ஒரு அச்சு வெல்லம் குடுத்துட்டு வூட்டுக்கு வந்துடுவேன்.”

“தினமுமா?”

“ரெண்டு வருசம். ஒருநா தப்புனதில்ல.”

“சங்குக்கு மேல் ஐந்து நிமிடம்கூட இருந்ததில்லையா?”

அவர் முகம் மாறியது. “இருக்க மாட்டேங்க. இப்ப மைன்ஸ் இருக்குதே, அதுல எங்க முந்திரித் தோப்பு கெடந்துது. எடுத்துகினாங்க. வூட்டுக்கு ஒரு பர்மனென்ட் வேலை தர்றோம்னாங்க. கான்ட்ராக்ட்ல குதிரைக்குப் புல்லு போடச் சொன்னாங்க. சரி, போட்டுகினு இருக்கறன். ஆனா நெலத்தத்தான் குடுத்தாச்சு, நேரத்தையும் சும்மா குடுக்க முடியுங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அவர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்து முறைத்தார். “உங்களைப் பார்த்து இல்லை அண்ணே. அந்தக் குதிரைக்குப் பைத்தியமும் இல்லை, பயமும் இல்லை. அவளுக்கு ஆறோடு ஷிப்ட் முடிகிறது. ஆறுக்கு மேலும் முதுகில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் அவளுக்குப் புரியவில்லை” என்றேன். அஞ்சலை முதலில் சிரித்தார். பிறகு அவரும் சிரித்தார்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நேராகச் செக்ரட்டரி வீட்டுக்குப் போய், கண்டுபிடித்ததை மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். அவர் கடைசிவரை கேட்டார்.

“அப்போ குதிரையைக் கெடுத்தது கலியபெருமாள்.”

“கெடுக்கவில்லை. அவரளவுக்குப் பழக்கியவர்கள்...”

“மேடம், ஆறு மணிக்கு அது ஓடறதுக்குக் காரணம் அவன்தானே? என் தோள் போனதுக்கும் அவன்தானே? கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி முதல்ல அவனை நிறுத்தறேன். அப்புறம் குதிரைக்கு யூனியன் ஆரம்பிக்கறதைப் பத்திப் பேசுவோம்.”

வாயைத் திறந்து ஒரு மனிதரின் வேலைக்கு உலை வைத்துவிட்டேன் என்று அங்கேயே உறைத்தது. நிலத்தை இழந்தவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வேலை. வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. எழுந்து நின்றேன்.

“வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நீங்களே ஏறுங்கள். சங்கு ஊதும்போது ஆர்ச் கேட்டில் இருங்கள். அவள் லாயத்துக்கு ஓடினால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுங்கள். ஓடாவிட்டால் இரண்டு பேரும் இருக்க வேண்டும். அதுவரை அவரைத் தொடக் கூடாது.”

“நானா?” என்றார்.

“விழுந்தவர் நீங்கள்தானே?”

தோளைத் தடவிக்கொண்டார். அவர் கோழையில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். “ஓடக் கூடாது. அவ்வளவுதானே? சரி” என்றார்.

பத்து காலைகள் கிடைத்தன. பத்துச் சங்குகள். ஒரு குதிரையின் பழக்கத்தை அடித்து மாற்றலாம், அப்போது அது உள்ளே வைத்திருந்து ஒருநாள் திருப்பிக் கொடுக்கும். நான் அவளுடைய கணக்கை ஏற்றுக்கொண்டேன். ஆறு மணிக்கு ஷிப்ட் முடிகிறதா? முடியட்டும். ஆனால் லாயத்தில்தான் முடிய வேண்டும் என்பதில்லை.

முதல் நாள் லாயத்து வாசலிலேயே நின்று, சங்கு ஆரம்பிக்கும் முன்பே இறங்கிவிட்டேன். வாரைத் தளர்த்தி, ஓர் அச்சு வெல்லம் கொடுத்து, அவள் பெருமூச்சு விடும் வரை காத்திருந்து, மறுபடி இறுக்கி ஏறினேன். ஏறியதும் கழுத்தைத் திருப்பி என் காலைப் பார்த்தாள். யாரம்மா நீ, ஓவர்டைமா என்று கேட்கிற பார்வை. இருபது அடி நடக்கவிட்டு இறங்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் வேப்பமரத்தடி. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத் திருப்பம். அன்று நான் இறங்கத் தாமதித்துவிட்டேன், வேலியோரம்வரை இழுத்துக்கொண்டு போனாள். கால்சட்டை கிழிந்தது. அக்கா தைத்துக்கொண்டே, “உனக்கு எதற்கடி இது? வந்த இடத்தில் தின்றோமா தூங்கினோமா என்று இருக்கக் கூடாதா?” என்றாள். கூடாது என்றேன்.

கலியபெருமாளிடம் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். அவர் வேலையும் இதில்தான் தொங்குகிறது என்பதை மறைக்காமல் சொன்னேன், என் வாயால் வந்த வினை என்பதையும் சொன்னேன். “ஆறுக்கு மேல் கால் மணி நேரம் கூட நின்றால் எனக்கு உதவியாக இருக்கும்.”

அவர் குதிரையின் பிடரியைக் கோதிவிட்டார். “வேலை போனா போவட்டுங்கம்மா. அதுக்காவ இன்னிக்கு நின்னேன்னா, நாளைக்கும் நிக்கச் சொல்லுவாங்க. அஞ்சு மணிக்கு வேணும்னா நாலு மணியிலேருந்து இவள ரெடி பண்ணி வெக்கறேன். ஆறுக்கு மேல கேக்காதீங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பிறகு கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சைக்கிளில் போகிற அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பதினைந்து வருடத்து ‘இன்னும் ஒரே ஒரு குதிரை’கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

ஆறாம் நாளிலிருந்து செவலை என்னை முந்திக்கொண்டாள். சங்கு ஊதியதும் நான் இழுக்காமலே நிற்பாள், இடப்பக்கத்தைத் திருப்புவாள். வெல்லத்தைத் தின்று மூச்சு விட்டதும் கிளம்பலாம் என்பதுபோல் காதை முன்னால் விடுவாள். எட்டாம் நாள் ஆர்ச் கேட்டுக்கே போய்விட்டோம். ஷிப்ட் ஆட்களுக்கு நாங்கள் பழகிப்போனோம். “செவலைக்கு டீ டைம்” என்று சொல்லிக்கொண்டு சைக்கிள்கள் விலகிப் போயின.

சனிக்கிழமை செக்ரட்டரியிடம் செய்முறையைச் சொன்னேன். “சங்கு ஊதியதும் இறங்க வேண்டும். வாரைத் தளர்த்த வேண்டும். வெல்லம் கொடுக்க வேண்டும். பிறகு ஏறினால் எட்டு மணி வரைக்கும்கூடப் போவாள்.”

“குதிரை சொல்லி நான் இறங்கறதா? அதுவும் அங்கே?” என்றார். “நீங்க உங்க வேலையைப் பண்ணியாச்சு மேடம். மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை நான் ஆர்ச் கேட்டின் ஓரமாக நின்றேன். அத்தான் என்னைவிடப் பயந்துபோய்ப் பக்கத்தில் நின்றார். செக்ரட்டரி நன்றாகவே ஓட்டிக்கொண்டு வந்தார், கட்டு பிரித்த தோளை விறைப்பாக வைத்துக்கொண்டு. இரண்டு பக்கமும் சைக்கிள் வெள்ளம். சங்கு ஊதியது.

செவலை நின்றாள். நட்ட நடுச் சாலையில், கேட்டை அடைத்துக்கொண்டு, இடப்பக்கத்தைத் திருப்பி வைத்து நின்றாள்.

அவர் குதிகாலால் தட்டினார். நின்றாள். இன்னும் ஓங்கித் தட்டினார். ஒரு காதை மட்டும் பின்னால் மடித்தாள், நின்றாள். பின்னால் வந்த சைக்கிள்கள் நின்றன, அவற்றின் பின்னால் ஒரு பேருந்து நின்றது. நூறு மணிகள் ஒன்றாக அடித்தன.

“சார், எறங்குங்க சார். அதுக்கு ஷிப்ட் முடிஞ்சிடுச்சு” என்று ஒரு குரல்.

“வாரை அவுத்து வுடுங்க சார், அப்பதான் போவும்” என்று இன்னொரு குரல். யாரும் கேலி செய்யவில்லை. வழி தெரியாதவருக்கு வழி சொல்வதுபோலத்தான் சொன்னார்கள். அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

அந்த நேரத்தில் கலியபெருமாள் அந்த வழியாக வந்தார். தலையில் துண்டு, சைக்கிள் கைப்பிடியில் சாப்பாட்டுப் பை.

“கலியபெருமாள்! இங்கே வந்து பிடி இதை!”

கலியபெருமாள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். செவலையைப் பார்த்தார். செக்ரட்டரியைப் பார்த்தார். தன் வேலை அந்த ஒரு நொடியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நின்றுவிடுங்கள் அண்ணே, இன்று ஒருநாள் மட்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

“ஆறு அடிச்சிடுச்சுங்க” என்றார், மரியாதையாக. பெடலை மிதித்துக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என் ஷிப்டும் முடிந்துவிட்டது.

எவ்வளவு நேரம் போயிருக்கும், நான்கு மூச்சு இருக்கலாம். அவர் அங்கவடியிலிருந்து காலை எடுத்தார். இறங்கினார். எந்த இடத்தில் தூக்கி எறியப்பட்டாரோ, அதே இடத்தில், தன் காலால். வாரைத் தளர்த்த அவருக்கு விரல் ஓடவில்லை, இத்தனை வருடமாக அதை அவருக்காக வேறொருவர்தான் செய்திருக்கிறார். கடைசியில் கொக்கி விட்டது. செவலை நீளமாகப் பெருமூச்சு விட்டாள். வெல்லத்துக்காக மூக்கை நீட்டினாள். அவர் சட்டைப்பையைத் தடவினார், கொண்டுவரவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் தன் பையைத் திறந்து ஒரு கடலை உருண்டையை நீட்டினார். அதை வாங்கி அவள் வாயில் கொடுத்தார்.

மறுபடி ஏறினார். காதை முன்னால் விட்டுக்கொண்டு செவலை கேட்டைத் தாண்டி, சாலையின் கடைசி வரை, பட்டுப்போல ஓடினாள். திரும்பி வரும்போது மணி ஏழு.

என்னருகே வந்து நிறுத்தினார். “ஓடலை” என்றார். “சொன்ன சொல் சொன்னதுதான். ரெண்டு பேரும் இருப்பாங்க.” சற்றுத் தள்ளிப் போய்விட்டுத் திரும்பி, “அந்த முள் கடிவாளத்தை என்ன பண்ணினீங்க?” என்று கேட்டார். தின்றுவிட்டேன் என்றேன். முதல் தடவையாகச் சிரித்தார்.

கலியபெருமாளுக்கு அன்று மாலை செய்தி போனது. துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அஞ்சலை கையில் ஒரு தூக்கு நிறைய முந்திரிக்கொட்டைக் குழம்பை மட்டும் அனுப்பியிருந்தார். பர்மனென்ட் பற்றி யாரும் பேசவில்லை. அதுவும் எனக்கு உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

ஈப்போவுக்குத் திரும்பிய மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு நான் கடைசிக் குதிரையின் சேணத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர் லாயத்து வாசலில் வந்து நின்று ஒரு விரலை நீட்டினார்.

“சரசு, இன்னும் ஒரே ஒரு குதிரை.”

சேணத்தை ஆணியில் மாட்டினேன். துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டேன்.

“பத்து அடிச்சிடுச்சுங்க” என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. விரலை மடக்கிக்கொண்டார். நான் வீட்டுக்குப் போனேன்.